இன்றைய சிந்தனை வழங்குபவர் இசக்கிச்செல்வி

மணி அடித்தாகிவிட்டது. ஆறாம் வகுப்புக் குட்டிகள் வழக்கம்போல வரிசை என்ற பெயரில் ஒரு கூட்டமாக வந்து நிற்கிறார்கள், பி.டி. டீச்சர் விசிலை ஊதி ஊதி அவர்களை ஒரு கை நீள இடைவெளிக்குக் கொண்டுவரப் பார்க்கிறாள். திங்கட்கிழமைக் காலைக் கூட்டம் என் பொறுப்பு. எத்தனையோ வருஷமாக என் பொறுப்பு. கொடி, வாழ்த்துப் பாட்டு, உறுதிமொழி, பொன்மொழி, செய்தி, இன்றைய சிந்தனை, தேசிய கீதம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இன்று சிந்தனை இருக்கிற இடத்தில் மன்னிப்பு. அதை என்ன சொல்லி அழைப்பது என்று தொகுத்து வழங்குகிற பிள்ளை கேட்டாள், எனக்கும் தெரியவில்லை, நீ எப்பவும் போலச் சிந்தனை என்றே சொல்லிவிடு என்று சொல்லிவிட்டேன். வேப்பமரத்தடியில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறது. காலைக் கூட்டத்தில் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எச்.எம். ஜெபக்கனி மேடமே நாற்காலிகளுக்குப் பின்னால், கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றுதான் இருக்கிறார். நடு நாற்காலியில் சண்முகவேலாயுதம், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர், பஜாரில் இரும்புக் கடை. பள்ளியின் காம்பவுண்டுச் சுவர் அவர் கட்டிக் கொடுத்தது, அதைச் சும்மா சொல்லக் கூடாது, சுவர் வந்த பிறகுதான் பிள்ளைகள் நிம்மதியாக மைதானத்தில் ஓடினார்கள். அவருக்கு ஒரு பக்கம் கோயில் கமிட்டிக்காரர். இன்னொரு பக்கம் உட்கார்ந்திருப்பவர் யாரென்று தெரியவில்லை, போனை இப்போதே நிமிர்த்திப் பிடித்திருக்கிறார், படம் எடுக்கத்தான். கொடிக்கம்பத்துக்குப் பின்னால் பேசப் போகிற பிள்ளைகள் நிற்கிறார்கள். கடைசியில் இசக்கிச்செல்வி, பதினொன்று பி. என்னைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்தே பார்க்கவில்லை. நாலு வரி மன்னிப்பைச் சொல்லிவிட்டால் அவள் இங்கேயே படிக்கலாம். சொல்லாவிட்டால் இன்றே டி.சி. டி.சி. கையில் வந்தால் பஞ்சு மில்லுக்கு அனுப்பிவிடுவேன் என்று அவள் அப்பா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சொல்லிவிடு தாயே. மனதுக்குள் என்ன வேண்டுமானாலும் திட்டிக்கொள், என்னையும் சேர்த்துத் திட்டிக்கொள், வாயால் அந்த நாலு வரியைச் சொல்லிவிட்டு இறங்கிவிடு.

கொடி ஏறிவிட்டது, பாட்டு ஆரம்பித்துவிட்டது. பாடுகிறவர்களில் ஒருத்திக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, நல்லவேளை மற்றவர்கள் இழுத்துக்கொண்டு போகிறார்கள். நானும் உதட்டை அசைக்கிறேன், சத்தம் வரவில்லை. எல்லாம் அந்தப் பூசையில் ஆரம்பித்தது. ஆரம்பித்தது என்று எப்படிச் சொல்வது, பூசை வருஷா வருஷம் நடப்பதுதான். லீவு விடுவதற்கு முன்னால் ஒருநாள் ஹாலில் சரஸ்வதி படத்தை வைத்து, புத்தகங்களை அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் கடலையும் கொடுப்போம். அரசாங்கப் பள்ளியில் இது நடக்கலாமா என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை, அரை நாள் பாடம் இருக்காது, போதாதா. பூசைக்கு முன்னால் பி.டி. டீச்சர் வகுப்பு வகுப்பாகப் போய், பீரியட்ஸில் இருக்கிறவர்கள் சைக்கிள் ஷெட்டுக்குப் போய்விடுங்கள் என்று சொல்லுவாள். அதுவும் வருஷா வருஷம் நடப்பதுதான். சைக்கிள் ஷெட் கேட்டை ஒட்டி ரோட்டைப் பார்த்து இருக்கிறது. எதிரே டீக்கடை, லோடு ஆட்டோ ஸ்டாண்டு. பூசை அன்றைக்கு அங்கே பிள்ளைகள் சும்மா நின்றால் எதற்காக நிற்கிறார்கள் என்று ரோட்டுக்கே தெரியும். இந்த வருஷம் நின்றவர்களில் இசக்கி ஒருத்தி. ஸ்டாண்டில் அவள் அப்பாவோடு வண்டி ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். லீவு முடிந்து வந்த திங்கட்கிழமை இன்றைய சிந்தனைக்கு அவள் முறை. அன்று மணி அடிப்பதற்கு முன்னாலேயே எழுதிக் கொண்டுவந்து என்னிடம் காட்டினாள். பூசை அன்று எங்களில் சிலர் சைக்கிள் ஷெட்டில் நின்றோம், எங்களுக்கு நோய் ஒன்றும் இல்லை, படிப்பைக் கொடுக்கிற சாமியும் பெண்தான், அந்தச் சாமி எங்களைப் போகச் சொல்லியிருக்காது, சொன்னவர்கள் வெட்கப்பட வேண்டும். அவ்வளவுதான். நான் இரண்டு தடவை படித்தேன். வெட்கப்பட வேண்டும் என்பதை யோசிக்க வேண்டும் என்று மாற்றிக் கொடுத்தேன். மாற்றிவிட்டு, ஆகா, எவ்வளவு பக்குவமாகத் திருத்தியிருக்கிறேன் என்று எனக்கு நானே ஒரு சபாஷ் வேறு போட்டுக்கொண்டேன். அவள் மைக் முன்னால் நின்று அழகாகச் சொன்னாள், நன்றி கூறி விடைபெற்றாள், பள்ளி கை தட்டியது, நான் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். சாயங்காலத்துக்குள் அது ஊரில் வேறு பேச்சாக ஆகிவிட்டது. சரஸ்வதிக்கே தீட்டு என்று ஒரு பிள்ளை மைக்கில் சொன்னாளாம், டீச்சர்கள் கை தட்டினார்களாம். வாட்ஸாப்பில் யாரோ போட்டார்கள், அதை என் வீட்டுக்காரர் எனக்கே அனுப்பி, இது உங்க ஸ்கூலா என்று கேட்டார். வெள்ளிக்கிழமை சண்முகவேலாயுதம் எச்.எம். அறைக்கே வந்து, அவள் அப்பாவையும் வரவழைத்து, மைக்கில் மன்னிப்பு, இல்லாவிட்டால் டி.சி. என்றார்.

உறுதிமொழி. எல்லாரும் வலது கையை நீட்டியிருக்கிறார்கள், நானும் நீட்டியிருக்கிறேன். நேற்று ராத்திரியிலிருந்து அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது. ஆறு மாதமாக ஒன்றும் இல்லை, சரி, ஒரு வழியாக நின்று தொலைந்தது என்று நினைத்திருந்தேன், பார்த்து இன்றைக்குத்தானா. சேலை வெளிர்நிறம். பின்னால் ஏதாவது பட்டிருக்குமோ. திரும்பிப் பார்க்கவும் முடியாது, தலைப்பை இழுத்து மூடவும் முடியாது, அத்தனை பிள்ளைகளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நானும் நின்றிருக்கிறேன் இசக்கி, இந்த ஊரில் இல்லை, வேறு பள்ளியில், சைக்கிள் ஷெட் கிடையாது, கிணற்றடி. பொரியைத் தாளில் மடித்து ஒருத்தி கொண்டுவந்து கையில் படாமல் போட்டாள். எனக்கு அப்போது அவமானமாகக்கூட இல்லை, பொரி ஈரத்தில் நமத்துப் போய்விட்டதே என்றுதான் இருந்தது. அப்படித்தான் என்னை வளர்த்திருந்தார்கள். இவளுக்கு அவமானமாக இருந்திருக்கிறது, அதைச் சொல்லவும் தெரிந்திருக்கிறது, நான் சந்தோஷப்பட வேண்டும், ஆனால் எனக்கு வருவது பயம்தான். சண்முகவேலாயுதம் இப்போது என்னைப் பார்க்கிறாரா, மேடத்தைப் பார்க்கிறாரா. கண்ணாடி வெயிலில் மின்னுவதால் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை எச்.எம். அறையில் அவர் கத்தவே இல்லை, கத்தியிருந்தால்கூடத் தேவலை. என் மகளும் இதே ஸ்கூல்லதான் படிச்சா, அவளும் ஷெட்ல நின்னவதான், ஒரு நாள் வாயைத் திறந்திருப்பாளா என்று மெதுவாகக் கேட்டார். வாயைத் திறக்காததை இவ்வளவு பெருமையாகச் சொல்கிற மனுஷனிடம் என்ன பேசினாலும் சுவரில் போய் முட்டும். நான் அந்தப் பேச்சைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன் என்று, ஊரில் பேச்சு கிளம்பிய முதல் நாளே மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, கோமதி, அதை வெளியே சொல்லாதே, சொன்னால் உனக்கு மெமோ, அப்புறம் மாற்றல், நான் உன்னைக் காப்பாற்ற வாயைத் திறந்தால் என் பேரைப் பார்ப்பார்கள், கிறிஸ்தவப் பேர், வேதக்கார எச்.எம். நம்ம சாமியைப் பேச விட்டாள் என்று ஆகிவிடும், பிள்ளை மன்னிப்புக் கேட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றார். அவர் சொன்னது நியாயம்தான். எல்லார் சொல்வதும் நியாயமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் மன்னிப்பை எழுதுகிற வேலை என்னிடம் வந்தது, தமிழம்மாவை விட்டால் யாருக்கு நல்ல தமிழ் தெரியும்.

உறுதிமொழி முடிந்து பொன்மொழியும் முடிந்துவிட்டதா, நான் கவனிக்கவே இல்லை. செய்தி வாசிக்கிற எட்டாம் வகுப்புப் பிள்ளை மைக்கை எட்ட முடியாமல் குதிகாலைத் தூக்குகிறாள், நான் போய் மைக்கை இறக்கி வைக்கிறேன், விரல் வியர்வையில் வழுக்குகிறது. மழை வருமாம். தங்கம் விலை ஏறியிருக்கிறதாம். எங்கோ ரயில் தாமதமாம். மெதுவாக வாசிம்மா, இன்னும் மெதுவாக வாசி, இன்னும் பத்து செய்தி வாசி. இப்போது மழை வந்தால் எப்படி இருக்கும் என்று அண்ணாந்து பார்க்கிறேன், வானம் சுத்தமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஸ்டாஃப் ரூமில் அவளை உட்காரவைத்து அந்த நாலு வரியை மனப்பாடம் பண்ணச் சொன்னேன். கடந்த திங்களன்று நான் கூறிய கருத்துகள் பலரின் மனத்தைப் புண்படுத்திவிட்டன. அறியாமையால் அவ்வாறு பேசிவிட்டேன். சான்றோர்களும் பெற்றோர்களும் என்னைப் பொறுத்தருள வேண்டுகிறேன். இனி இவ்வாறு நேராது என உறுதி கூறுகிறேன். அறியாமையால் என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னது சண்முகவேலாயுதம். அவருக்கு அது பிள்ளைக்குக் காட்டுகிற இரக்கம், சின்னப் பிள்ளை, தெரியாமல் பேசிவிட்டாள் என்று விட்டுவிடலாம் பாருங்கள் என்றார். இசக்கி அந்த வரி வந்ததும் நிறுத்திவிட்டாள்.

"தமிழம்மா, நான் தெரிஞ்சுதான பேசுனேன்?"

கோபமாகக் கேட்கவில்லை. கணக்கில் ஒரு படி விட்டுப்போனதைக் காட்டுகிற மாதிரி கேட்டாள். நான் என்ன சொன்னேன். தெரியும்மா, சும்மா சொல்லிரு, மில்லுக்குப் போகப் போறியா என்றேன். அதற்குப் பிறகு அவள் நாலு வரியையும் தப்பில்லாமல் ஒப்பித்தாள், எழுந்து போனாள், அதிலிருந்துதான் என்னைப் பார்ப்பதில்லை. எனக்கு என்ன செய்யச் சொல்கிறாய் இசக்கி. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச வருஷம்தான் இருக்கிறது. மாற்றல் என்றால் மலையடிவாரத்தில் எங்காவது தூக்கிப் போடுவார்கள், இரண்டு பஸ் மாற வேண்டும், வீட்டுக்காரருக்கு இதயத்தில் ஏற்கெனவே ஒரு அடைப்பு. அவர் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டே, நீ அங்க வாயைத் தொறக்காத, மைக்கைக் குடுத்துட்டு ஓரமா நில்லு என்றார். சரி என்று தலையை ஆட்டினேன். தலையை ஆட்டி ஆட்டியே இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது, இனி ஒரு காலைக் கூட்டத்தில் என்ன ஆகப் போகிறது. ஆனால் அவள் மைக் முன்னால் நின்று அந்த வரியில் மறுபடியும் நிறுத்திவிட்டால். நான் தெரிந்துதான் பேசினேன் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டால். சொல்லக்கூடியவள்தான். அந்தப் போன்காரர் அதைப் படம் பிடித்து மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க அனுப்பிவிடுவார், அவள் அப்பா வண்டியை நடு ரோட்டில் நிறுத்திவிட்டு இங்கே ஓடிவருவார். அவர் அடிக்கிறவர். ஒருநாள் இவள் கன்னத்தில் தடம் பார்த்திருக்கிறேன், கதவில் இடித்துக்கொண்டேன் என்றாள். சொல்லாதே இசக்கி. எழுதிக் கொடுத்ததை மட்டும் சொல்.

செய்தி முடிந்தது. கை தட்டல். இன்றைய சிந்தனை வழங்குபவர் இசக்கிச்செல்வி, பதினொன்றாம் வகுப்பு பி பிரிவு. அவள் வருகிறாள். ரிப்பன் இரண்டு பக்கமும் சரியாக மடித்துக் கட்டியிருக்கிறது, அவள் அம்மா இன்று பார்த்துப் பார்த்துக் கட்டிவிட்டிருப்பாள். மைக்கை நானே அவள் உயரத்துக்கு ஏற்றி வைக்கிறேன், அவள் மூச்சு என் கையில் படுகிறது, வேகமான மூச்சு. அப்படியானால் இவளுக்கும் பயம்தான். இது ஏன் எனக்கு இத்தனை நாளாகத் தோன்றவில்லை, இவளுக்குப் பயமே இல்லாத மாதிரி நானாக நினைத்துக்கொண்டு அல்லவா இருந்தேன். சண்முகவேலாயுதம் காலை மாற்றிப் போட்டு உட்காருகிறார். கடந்த திங்களன்று என்று ஆரம்பிக்கிறாள். குரல் தெளிவாக இருக்கிறது. புண்படுத்திவிட்டன. அடுத்தது அந்த வரி. என் கால்விரல்கள் செருப்புக்குள் மடங்கிக்கொள்கின்றன. ஒரு கணம் ஒன்றும் கேட்கவில்லை, மைக்கின் இரைச்சல் மட்டும்தான். அறியாமையால் அவ்வாறு பேசிவிட்டேன். சொல்லிவிட்டாள். அப்பாடா. பொறுத்தருள வேண்டுகிறேன். உறுதி கூறுகிறேன். முடிந்தது, எல்லாம் முடிந்தது, என் தோள் இறங்குகிறது, மூச்சு விடுகிறேன், நிம்மதியாக இருக்கிறது, இவ்வளவு நிம்மதியாக இருப்பது எனக்கு அசிங்கமாகவும் இருக்கிறது. ஆனால் அவள் இறங்கவில்லை. இவ்வாய்ப்பை வழங்கிய தலைமையாசிரியர் அவர்களுக்கும் தமிழாசிரியர் அவர்களுக்கும் நன்றி கூறி விடைபெறுகிறேன். ஐயோ. ஆறாம் வகுப்பில் முதல் நாள் மேடையேறியபோதிலிருந்து நான் பழக்கிவிட்டது, நன்றி சொல்லாமல் இறங்கினால் திருப்பி ஏற்றுவேன் என்று மிரட்டிப் பழக்கியது. இன்றைக்கு அது வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை, சொல்லாமல் விட அவளுக்குத் தோன்றவில்லை. நன்றி என்ற சொல் காதில் விழுந்ததும் பள்ளி கை தட்டுகிறது. எப்போதும் தட்டுகிற அதே தட்டல், மழைச் செய்திக்கும் தங்கம் விலைக்கும் தட்டினார்களே, அதே தட்டல். ஆறாம் வகுப்பு தட்டுகிறது, அவர்களுக்கு என்ன தெரியும். ஒன்பது தட்டுகிறது. பதினொன்று பி நிறுத்தவே இல்லை. இது பழக்கமா, வேறு ஏதாவதா, எனக்கே விளங்கவில்லை. எனக்கே விளங்காவிட்டால் நாற்காலியில் இருப்பவர்களுக்கு எப்படி விளங்கும்.

சண்முகவேலாயுதம் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருக்கிறது, அவர் நிஜமாகவே அவமானப்பட்டுப்போனார், பார்த்தால் தெரிகிறது. மைக்குக்குப் பக்கத்தில் வந்து மேடத்தைப் பார்த்து இது என்ன பேச்சுப் போட்டியா என்று கேட்கிறார்.

"கைதட்டு வாங்குறதுக்குப் பேரு மன்னிப்பா மேடம்? திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. ஒருத்தரும் கை தட்டக் கூடாது. நன்றி கின்றி எல்லாம் வேண்டாம்."

மேடம் கைப்பையை இன்னும் இறுக்கி, அவரைப் பார்த்து, பிள்ளையைப் பார்த்து, கடைசியில் என்னைப் பார்க்கிறார். இன்னொரு தரம் சொல்லிரட்டும் கோமதி என்கிறார், குரலே எழும்பவில்லை. சரி, இன்னொரு தரம்தானே, ஒரு தரம் சொன்னவளுக்கு இன்னொரு தரம் சொல்ல என்ன, அதே நாலு வரி, சொல்லிவிடட்டும், நான் ஓரமாக நிற்கிறேன். இசக்கி என்னைத் திரும்பிப் பார்க்கிறாள். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாள். கண்ணில் நீர் கட்டியிருக்கிறது, விழவில்லை.

"திரும்பவுமாம்மா?"

அவள் கேட்டது இவ்வளவுதான். மைக்கில் விழாதபடி மெதுவாகத்தான் கேட்டாள். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. கை போய் மைக்கை எடுத்தது. மைக்கில் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், தேசிய கீதம் என்றேன். பாடுகிற பிள்ளைகள் இதற்காகவே காத்திருந்தவர்கள், நடுவில் நடந்த எதுவும் அவர்களுக்குக் கணக்கில்லை, சொன்ன உடனே எடுத்துவிட்டார்கள். பள்ளி மொத்தமும் காலைச் சேர்த்து நிமிர்ந்தது. மேடம் நிமிர்ந்தார். கோயில் கமிட்டிக்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார், போன்காரர் போனை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடையோடு ஒட்டிக்கொண்டார். சண்முகவேலாயுதம் ஏதோ சொல்லத் திறந்த வாயை மூடி, கைகளை உடம்போடு சேர்த்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். நடு மைதானத்தில், எனக்கு ஒரு கை தூரத்தில் நிற்கிறார். அவர் உதடும் அசைகிறது, அவரும் ஒரு காலத்தில் பள்ளிக்கூடம் போனவர்தானே. இசக்கி பாடுகிறாள். நானும் பாடுகிறேன், காலையிலிருந்து வராத சத்தம் இப்போது வருகிறது. இந்தப் பாட்டு முடிகிறவரை யாரும் யாரையும் எதுவும் கேட்க முடியாது. இது இவ்வளவு சின்னப் பாட்டு என்று இதுவரை நான் நினைத்ததே இல்லை. மெமோ வரும். மாற்றல் வரும். சேலையில் கறை இருந்தாலும் இருக்கட்டும். வீட்டுக்காரரிடம் என்ன சொல்லப் போகிறேன், மைக்கைக் கொடுத்துவிட்டு ஓரமாகத்தான் நிற்கப் போனேன் என்று சொன்னால் நம்புவாரா. கடைசி வரி வந்துவிட்டது. பயமாக இருக்கிறது, நன்றாகவே பயமாக இருக்கிறது.

பாட்டு முடிந்தது. பி.டி. டீச்சர் விசில் ஊதிவிட்டாள், வரிசைகள் திரும்புகின்றன, இசக்கியை அவள் வகுப்புப் பிள்ளைகள் இழுத்துக்கொண்டு போகிறார்கள். சண்முகவேலாயுதம் என் பக்கம் திரும்புகிறார். மைக் இன்னும் என் கையில்தான் இருக்கிறது, சுவிட்ச் போட்டபடியே இருக்கிறது, சிவப்பு விளக்கு எரிகிறது. அணைத்துவிட்டுத்தான் பேச வேண்டும். கட்டைவிரல் சுவிட்சின் மேல் இருக்கிறது. நான் அணைக்கவில்லை. யாரைக் கேட்டுப் பாட்டைப் பாட வெச்சீங்க என்று அவர் கேட்பது தண்ணீர்த் தொட்டி மேலிருக்கிற ஒலிபெருக்கியில் கேட்கிறது. அவரே அண்ணாந்து பார்க்கிறார்.

"அந்தப் பிள்ள பேசுனத நான்தான் படிச்சுப் பாத்து அனுப்புனேன் சார். மன்னிப்பு கேக்கணும்னா நான்தான் கேக்கணும். நான் கேக்க மாட்டேன்."

ஒலிபெருக்கியில் அது எல்லாருக்கும் கேட்டிருக்கும். வகுப்பறைகளைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்த வரிசைகள் நின்றுவிட்டன.